மடிப்புக்கு அந்தப் பக்கம்

பச்சை இங்கே வந்து நின்றுவிட்டது. மவுஸின் சக்கரத்தை ஒரு பல் தள்ளினால் ஒரு சீவல் கீழே இறங்கும், இன்னொரு பல், இன்னொரு சீவல், காலையிலிருந்து அப்படித்தான் இறங்கிக்கொண்டு வந்தேன், ஒவ்வொரு சீவலிலும் பச்சை இருந்தது, சில இடத்தில் வட்டமாக, சில இடத்தில் அவரை விதை மாதிரி நசுங்கி, ஒரு இடத்தில் ஊசிமுனை அளவுக்கு மெலிந்து, ஆனாலும் இருந்தது. இப்போது இல்லை. குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை. எலியின் மூளையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு துணுக்கை எடுத்து, அதை நினைத்துப் பார்க்க முடியாத மெலிசாக ஆயிரக்கணக்கில் சீவி, ஒவ்வொரு சீவலையும் பெரிய மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து, வெளிநாட்டிலிருந்து இங்கே திருப்பூருக்கு அனுப்புகிறார்கள். ஸ்லைஸ் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், எனக்குச் சீவல்தான். சீவும்போது எங்கோ ஒன்று மடிந்துபோகிறது, துணியை அவசரமாக விரித்தால் விழுகிற மடிப்பு மாதிரி. அந்த மடிப்புக்குள் போனது எதுவும் தெரியாது. அடுத்த மூன்று சீவலுக்குப் படமே இல்லை. நான்காவதில் மறுபடி வெளிச்சம், சாம்பல் நிறத்தில் எல்லாம் பழையபடி, ஆனால் பச்சை இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் காத்திருக்கிறது. காத்திருக்கிறது என்று சொல்லக்கூடாது. இருக்கிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் நரம்புகளுக்குத் தானாகவே நிறம் பூசிக்கொண்டு வருகிறது. மடிப்புக்கு மேலே பச்சை பூசியது, கீழே இருப்பது அதே நரம்புதானா என்று அதற்குச் சந்தேகம், அதனால் மஞ்சளைப் பூசிவிட்டு என்னைக் கேட்கிறது. படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான். ஒன்று. வேறு. வழக்கமாக மூன்றாவதாக, தெரியவில்லை என்று ஒரு பொத்தான் இருக்கும். இன்றைக்கு அதை எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்குச் சோதனை. இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே துணுக்கு, ஒரே கேள்விகள், விடை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. டீ பெல் அடிப்பதற்குள் கடைசிக் கேள்வியை முடித்து அனுப்பிவிட வேண்டும். பச்சையோடு இறங்கி வருகிற வழியிலேயே நாற்பத்திரண்டு போட்டுவிட்டேன், எனக்கு இதுதான் கடைசிக் கேள்வி. தேறாதவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவார்கள், அங்கே ரோட்டுப் படங்களில் கார்களையும் மாடுகளையும் சுற்றிக் கட்டம் போடுகிற வேலை, ராத்திரி ஷிப்ட். அறுபதைத் தாண்டினவளை ராத்திரி ஷிப்டில் வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். தேறாவிட்டால் எனக்கு வீடுதான். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். பால்காரரிடம் ஒன்று. அதுவும் "வெச்சிருங்க" என்பது ஒரு வார்த்தையா இரண்டா என்று தெரியவில்லை. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிரவீணா காலையில், சோதனை தொடங்குவதற்கு முன்னால், நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த அறைக்கு அவள்தான் லீடர், படித்த பெண், ஆனால் காலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். "சுலோசனாக்கா, ஒண்ணு சொன்னா வெசனப்படக் கூடாது." "சொல்லு கண்ணு." "தப்பு எல்லாருக்குந்தான் வருது. சதாசிவண்ணனுக்கு உங்களவிட ஜாஸ்தி. ஆனா அவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியா வருது. உங்களுக்கு எல்லாமே ஒரே பக்கமா போகுதுங்க்கா. வேறன்னு போட வேண்டியத ஒண்ணுன்னு போடறீங்க. ஒரு தடவகூட மாத்தி வரல." கண்ணில் கோளாறாக இருக்குமோ, போன வருஷம்தான் ஆப்பரேஷன் பண்ணினது என்றேன். "கண்ணுன்னா ரெண்டு பக்கமும் தப்பு வரோணுமே" என்றாள். கொஞ்சநேரம் என் திரையையே பார்த்தாள். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான், "அறுந்து நிக்கிறதப் பாத்தா உங்களுக்குப் பாவமா இருக்குதுங்களா?" என்றாள். கேட்டுவிட்டது. பின்னாலிருந்து சதாசிவம், சாயப்பட்டறை ஆபீசில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், வாய் சும்மா இருக்காது, "அக்கா போன ஜென்மத்துல கல்யாணத் தரகரா இருந்திருப்பாங்க பிரவீணா, ஜாதகமே பாக்காம சேத்து வெச்சுப்போடுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் நிறுத்திய பிறகும் என் முகம் அப்படியே நின்றுபோயிருந்தது, அதைத் திரைக்கண்ணாடியில் பார்த்தேன், பச்சைக்கும் மஞ்சளுக்கும் மேலே ஒரு கிழவியின் பல். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தபோது எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. துணியில் ஒரு ஓட்டை என்றால் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது. எண்ணெய்க் கறை என்றால் ஆள் சரியில்லை. ஆனால் துவைத்த பிறகு பீஸ் முழுக்க ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டு வந்தால் ஊசியைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. குறை நூலிலேயே இருக்கிறது. நூற்கும்போது ஏறின முறுக்கு.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு மாடிப்படி திரும்புகிற இடத்துக்குப் போனேன், கீழே துணி குடோன், அங்கே நின்றால் புதுத்துணியின் மாவு வாசனை வரும். பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங்கில் இருந்த மரகதத்துக்குப் போன் போட்டேன். ஏன் போட்டேன் என்று இப்போது கேட்டால் பிரவீணா கேட்ட கேள்வியால் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அந்தக் கேள்விக்கும் மரகதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கம்பெனி மூடி நான்கு வருஷம். நான்கு வருஷமாக அந்த நம்பர் என் போனில் இருக்கிறது, ஒரு தடவையும் போட்டதில்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கிறபோது என்ன பேசுவது என்று நினைத்துக்கொண்டேன், சௌக்கியமா என்று கேட்பதா, நான்தான் என்று சொல்வதா, நான்தான் என்றால் எந்த நான். பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்து, நீங்கள் அழைத்தவர் எடுக்கவில்லை என்று தமிழில் சொல்லி, இங்கிலீஷிலும் சொன்னது. இரண்டையும் கடைசிவரை கேட்டேன். நடுவில் வைத்தால் மரியாதையில்லை மாதிரி இருந்தது. போனைக் கொண்டுவந்து கதவோரத்து மர அடுக்கில் என் பொந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். படங்களை யாரும் போனில் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோர் போனும் அந்த அடுக்கில்தான் இருக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது, அதிர மட்டும் செய்யலாம். என்னுடையது கீழ்வரிசையில் இடது ஓரம். மரப்பலகை, அதனால் எந்தப் போன் அதிர்ந்தாலும் அடுக்கு முழுக்க உறுமும், யாருடையது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு தடவை உறுமிவிட்டது. முதல் தடவை எனக்கு நெஞ்சு ஒரு பக்கம் இழுத்தது. எனக்குத்தான், மரகதந்தான், குளிக்கப் போயிருப்பாள், இப்போது பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறாள். இரண்டாம் தடவை சதாசிவம் "எந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதோ" என்றார். அப்போது எனக்கு என் தப்பு எல்லாம் ஒரே பக்கம் போகிறது என்பது ஞாபகம் வந்தது. எங்கேயோ ஒரு போன் அதிர்கிறது. நான் அதை என்னோடு சேர்த்துவிடுகிறேன்.

மஞ்சளைப் பார்க்கலாம். அளவு அதே. பச்சை மடிப்புக்குள் போகும்போது நடுவில் ஒரு கறுப்பு மணி இருந்தது, மஞ்சளிலும் நடுவில் கறுப்பு மணி. ஓரத்துக் கோடு அதே அழுத்தம். பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டம் இருக்கின்றன, ஒன்று ரொம்பப் பெரிது, ஒன்று வெளிறிப்போய்க் கோணலாக, அது வேண்டாம். கம்ப்யூட்டர் நூற்றுக்கு அறுபத்தொன்று என்று சொல்கிறது. நூற்றுக்கு அறுபத்தொன்று என்றால் அதுவும் சேர்க்கத்தான் சொல்கிறது. ஆனால் அறுபத்தொன்று என்று போட்டுக் கேட்டால் அது சோதனைக்காரர்கள் வேண்டுமென்றே பொறுக்கி வைத்த இடமாக இருக்கும். அம்புக்குறியை ஒன்று என்பதன் மேல் கொண்டுபோய் வைத்தேன். எடுத்தேன். இந்த வாரம் பக்கத்துக் கடைக்காரரின் பெயர் மறந்துவிட்டது, நாள் தவறாமல் பார்க்கிற ஆள், தெருவில் நின்றுகொண்டு யோசித்தேன். வேலுச்சாமி. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. முன்பு மறந்தால் மறந்தது, அவ்வளவுதான். இந்த வேலைக்கு வந்த பிறகு ஒன்று மறந்தால் உள்ளே எந்த இடத்தில் எது நின்றுபோனது என்று பார்க்கத் தோன்றுகிறது, என் தலைக்குள்ளும் இப்படித்தானே இருக்கும், சாம்பல் நிறத்தில், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, இடமே விடாமல். அதில் வேலுச்சாமி போகிற வழியில் ஒரு மடிப்பு விழுந்தது. நாளைக்கு மரகதத்தின் வழியில் விழும். விழுந்தால் தெரியுமா? மடிப்பு விழுந்ததே தெரியாமல் நான்காவது சீவலிலிருந்து வாழ்ந்துகொண்டிருப்பேனா.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்த நெருக்கம்தான். மூளைக்குள் நரம்புகள் மரக்கிளை மாதிரி வெட்டவெளியில் கைநீட்டி நிற்கும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். அப்படி இல்லை. பஸ்ஸில் நிற்கிற மாதிரி நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஐம்பது பேர் உரசிக்கொண்டு. பயிற்சியில் பிரவீணா முதல் நாளே சொன்னாள், "தொட்டுட்டு இருக்குதுன்னு சேத்தீராதீங்க. தொடறதுக்கு அர்த்தமே கெடையாது." அது எனக்குப் புதிது இல்லை. நான் இருப்பது லைன் வீடு, ஒரே நீள ஓட்டுக்குக் கீழே எட்டு வீடு, எனக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவள் புருஷனும் கைக்குழந்தையும். அவர்கள் குக்கர் மூன்று விசில். குழந்தைக்கு விடியற்காலையில் இருமல் வரும், அவள் எழுந்து உலாத்துவாள், கொலுசு சுவரோரமாக வந்து திரும்பிப் போகும். நான் சுவரில் முதுகை வைத்துப் படுத்திருப்பேன். இருமல் நிற்கிறவரை எனக்கும் தூக்கம் வராது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. குழாயடியில் பார்த்தால் அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அவள் மொழி எனக்கு வராது, என் மொழி அவளுக்கு வராது, அதைக் காரணமாக வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. என் மொழி வருகிற ஆறு வீட்டுக்காரர்களிடமும் நான் அதே சிரிப்பைத்தான் சிரிக்கிறேன்.

மரகதம் மட்டும்தான். செக்கிங் டேபிளில் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் டியூப்லைட் வெளிச்சத்தில் துணி. பத்தொன்பது வருஷம். டேபிள் அகலம் மூன்றரை அடி, அவள் முகத்தை அந்தத் தூரத்தில்தான் எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நடந்து வந்தால் வேறு யாரோ மாதிரி இருப்பாள். அவள் பேசுவாள், நான் பீஸைத் திருப்பி, ஓட்டை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவேன். அவள் மாமியாரின் மூக்குப்பொடி, மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த உப்பில்லாத போண்டா, எதுவும் மிச்சமில்லை. "சுலோக்கா, நீங்க இப்படி ஓட்டையவே தேடிட்டு இருந்தா ஒரு நாளைக்கு ஆகாசத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டீருவீங்க" என்பாள். நான் அடுத்த பீஸை எடுப்பேன். பதில் சொல்ல வேண்டியிருந்ததில்லை. என் வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷம், பிள்ளை இல்லை, வீட்டில் பேசாதது எனக்குக் குறையாகத் தெரிந்ததே இல்லை, ஒரு நாளைக்கு வேண்டிய பேச்சு டேபிளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிடும். கம்பெனி மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது ஒரு நாள் அவள் சொன்னாள், "மூடுனா மூடீட்டுப் போறானுங்க, நானு மூட்டையக் கட்டீட்டு உங்கூட்டுக்கே வந்தர்றனுங்க்கா. என்ற மருமக வெக்கற கொழம்புக்கு உங்க ரசந் தேவல. ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு." பக்கத்து டேபிள்காரிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், பெட்டிக்கும் சன்னலுக்கும் நடுவில் முழம் போட்டுப் பார்த்தேன். பெட்டியை நகர்த்தினால் இன்னொரு கட்டில் போடலாம். நாடாக் கட்டில் ஒன்று வாங்கினேன். தலையணை உறை அவளுக்குப் பிடித்த ஊதா. யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை, அவளுக்குத்தான் தெரியுமே, அவள்தானே சொன்னாள். கடைசி நாள் சனிக்கிழமை. அவள் மகன் வேனோடு வந்து நின்றான், அவர்கள் எல்லோரும் கோபிக்குக் குடிபோகிறார்கள், பேரன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். "போய்ட்டு வர்றனுங்க்கா. போன் பண்ணுங்க" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அப்போதும் டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டில் இன்னும் இருக்கிறது. அதன் மேல் காய்ந்த துணி போடுவேன்.

மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. பிரவீணா அறைக்குள் ஒரு சுற்று வந்தாள், என் பின்னால் நின்றாள், சோதனை நடக்கும்போது ஒன்றும் சொல்லக்கூடாது என்பதால் போய்விட்டாள், ஆனால் நின்ற நேரம் கொஞ்சம் அதிகம். அவளும் இதைப் போட்டிருப்பாள், அவளுக்கு விடை தெரியும். அவள் நின்றதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், வெட்கமாக இருந்தது. அவள் பயிற்சியில் சொன்னது வேறு ஒன்று. "மடிப்புலயே குந்தீட்டு முடிவு பண்ணாதீங்க. உத்து உத்துப் பாத்தா வேண்டியது தெரியும், இருக்கிறது தெரியாது. ரெண்டையும் புடிச்சுட்டு ஊட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க." வீடு என்று அவள் சொல்வது செல்லின் உடம்பை, உட்கரு இருக்கிற பெரிய வட்டத்தை. ஒரு செல்லுக்கு ஒரு உட்கருதான். பச்சையை அதன் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுதான் காலையில் கிளம்பினேன், மேலே எங்கோ அது பத்திரமாக இருக்கிறது. மஞ்சள் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. மத்தியானத்திலிருந்து மடிப்புக்கு மேலே இரண்டு சீவல், கீழே இரண்டு சீவல், இதற்குள்ளேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். நேரம் இல்லை என்று சொல்ல முடியாது, இவ்வளவு நேரம் இருந்தது. போகாமல் இருந்திருக்கிறேன். சக்கரத்தைத் தள்ளினேன். மஞ்சள் இறங்கியது. கொஞ்ச தூரம் மெலிசாகவே போனது, பச்சை போன மாதிரியே, அதே நடை, இந்த நடையை எனக்குத் தெரியும் என்று தோன்றியது, கை வேகமாகிவிட்டது. பிறகு லேசாகத் தடித்தது. தடிக்கக்கூடாது. இன்னும் தடித்தது. இரண்டு பக்கமும் உரசிக்கொண்டிருந்தவை ஒதுங்கி வழிவிட்டன, ஓரத்துக் கோடு விரிந்து விரிந்து திரையின் பாதியைப் பிடித்தது, அதன் நடுவில் வெளிறின பெரிய வட்டம், அதற்குள் கறுப்பாக ஒரு புள்ளி. உட்கரு. மஞ்சளுக்குத் தனி வீடு இருக்கிறது. சொந்த வீடு, சொந்தக் கிளைகள், எட்டோ ஒன்பதோ, ஒவ்வொன்றும் அதன் வழியில். மத்தியானத்திலிருந்து நான் சேர்த்து வைக்கப் பார்த்தது பச்சையின் மிச்சம் இல்லை. அது எங்கிருந்தோ தானாகக் கிளம்பி வந்து, மடிப்புக்குப் பக்கத்தில் தற்செயலாக அந்த இடத்தில் நின்றிருக்கிறது. பச்சையின் மிச்சம் அநேகமாக அந்தக் கோணல் வட்டம்தான். அதை நான் பார்க்கவே இல்லை.

எலியின் நரம்புக்காக வருத்தப்படுகிறேன் என்று மரகதத்திடம் சொன்னால் டேபிளில் தலையை வைத்துச் சிரிப்பாள். வேறு என்று போட்டு அனுப்பியிருக்கலாம், வேலை முடிந்தது. ஆனால் வந்த வழியே திரும்பி ஏறிப் போனால்தான் எனக்கு ஒரு காரியம் முடிந்த மாதிரி இருக்கும், எண்ணின துணியை மறுபடி எண்ணுவது மாதிரி. சக்கரத்தைப் பின்னால் உருட்டினேன். மஞ்சளின் உடம்பு சுருங்கியது, மெலிந்தது, அதிலிருந்து பக்கவாட்டில் பிரிகிற ஒரு சின்னக் கிளையைப் பிடித்துக்கொண்டு மடிப்பைத் தாண்டி மேலேயும் போனேன், இந்தக் கிளை மடிப்பில் மாட்டவில்லை, ஓரமாக ஒதுங்கிப் போயிருந்தது. மேலே, மடிப்புக்கு வெகு தூரம் மேலே, காலையில் டீ குடித்த கையோடு நான் கடந்துபோன ஒரு இடத்தில், பச்சை ஒரு கணு மாதிரிப் புடைத்திருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சளின் கிளை. தொட்டுக்கொண்டிருப்பவை ஐம்பது இருக்கும், தொடுவதற்கு அர்த்தம் கிடையாது. ஆனால் இங்கே பச்சைக்குள் ஓரமாகச் சின்னச் சின்ன உருண்டைகள் கடுகு மாதிரி கூடியிருந்தன, எதிரே மஞ்சளின் ஓரம் மட்டும் அந்த நீளத்துக்கு அழுத்தமான கறுப்பு. நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. இதையும் பயிற்சியில் காட்டியிருக்கிறார்கள். இது பேசுகிற இடம். பச்சை சொல்கிறது, மஞ்சள் கேட்கிறது. "நடுவுல அந்த இடைவெளி இருந்தாத்தான்க்கா அது பேச்சு. கோடு இல்லாம ஒண்ணோட ஒண்ணு கலந்திருந்தா அது ஒரே செல்லு, அதுக்கு யார்கிட்டப் பேசோணும்?" என்றாள் பிரவீணா அன்றைக்கு. அப்போது நான் அதை அடையாளமாக மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன், கடுகு, கறுப்பு, வெள்ளைக் கோடு, மூன்றும் இருந்தால் பேச்சு. இப்போது அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றரை அடி. நான் மரகதத்துக்குக் கட்டில் போட்டேன். அவளுக்குச் சொந்தமாக வீடு இருந்தது, மாமியாரும் மூக்குப்பொடியும் மகனும் ஹாரன் அடிக்கிற பேரனும், எல்லாவற்றையும் பத்தொன்பது வருஷமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அது அவளுடைய உட்கரு என்று தோன்றவே இல்லை. ஒன்று என்று போட்டேன். வேன் கிளம்பினவுடன் அதே கையால் அழித்துவிட்டேன். போன் பண்ணுங்க என்று அவள் சொன்னாள். பண்ணுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. என்னைத்தான் பண்ணச் சொன்னாள். நான்கு வருஷமாக அவள் கூப்பிடவில்லை என்று நான் உட்கார்ந்திருக்கிறேன். டேபிளில் எப்போதும் அவள்தான் பேசினாள், நான் ஒரு தடவையாவது பேசட்டும் என்று கேட்டிருப்பாளோ. அப்படியும் இல்லாமல் இருக்கலாம். சும்மா வாய்வார்த்தையாகவும் இருக்கலாம். இதுவும் நான் சேர்ப்பதாக இருக்கலாம்.

வேறு என்பதன் மேல் அம்புக்குறியை வைத்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, பச்சை மடிப்போரத்தில் நின்றது. கேள்விகள் முடிந்தன என்று திரையில் வந்தது, விடை திங்கட்கிழமை. இந்த ஒன்று சரி என்று எனக்குத் தெரியும். இதற்கு முன்னால் போட்ட நாற்பத்திரண்டில் எத்தனையை மடிப்பிலேயே உட்கார்ந்து போட்டேன் என்றும் தெரியும், ஆனால் அதைத் திருப்ப முடியாது. திங்கட்கிழமை இந்த நாற்காலியில் இருப்பேனா என்று தெரியவில்லை. நாற்காலியின் இடது கைப்பிடியில் ரெக்சின் கிழிந்திருக்கிறது, அதை நான்தான் நூல் போட்டுத் தைத்து வைத்தேன். கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

அப்போது அடுக்கு உறுமியது. மரப்பலகை முழுக்க, நீளமாக, கூப்பிடுகிற அதிர்வு. நெஞ்சு அதே பக்கம் இழுத்தது. எனக்குத்தான். உடனே மறுபக்கம் இழுத்தேன். எனக்கு யார் கூப்பிடுவார்கள், அத்தனை பொந்து இருக்கிறது, எல்லோருக்கும் வீடு வாசல் இருக்கிறது, எனக்கு இல்லை. ஒன்று என்றும் வேறு என்றும், இரண்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டுக்கொண்டிருக்கிறேன். அதிர்ந்துகொண்டே இருந்தது. சதாசிவம் திரும்பி, "டீ பெல்லு அடிக்கறதுக்குள்ள ஆருக்கோ அவசரம்" என்றார். பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தது, பெல்லுக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கக் கூடாது, நான் இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து எழுந்திருந்ததில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அதன் சக்கரம் கிறீச்சிட்டது. எல்லோரும் பார்த்தார்கள், பிரவீணா வாசல் பக்கமிருந்து பார்த்தாள்.

"அக்கா, எங்கீங்க?"

"என்னுதான்னு தெரியல கண்ணு. போய்ப் பாத்துட்டு வர்றேன்."